இல்லாத நாட்டுக்கு ஒரு நிலப்படம்

நிலப்படம் என்றதும் நம் நினைவுக்கு வருவது பள்ளிச் சுவரில் தொங்கும் தேசப்படமே. மலையும் ஆறும் ஊரும் எல்லையும் அளந்து குறித்த அப்படம், உள்ளதை உள்ளவாறு காட்டுவது. அதன் பெருமையும் அதுவே. ஆனால், இல்லாத நாட்டுக்கும் நிலப்படம் வரைவோர் உலகில் பலர் உளர். இல்லாத கடலில் ஒரு தீவை இட்டு, அதற்கு மலை வகுத்து, ஆறு ஓட்டி, ஊர் நிறுத்தி, பெயர் சூட்டி மகிழ்வது இன்று பரவலான ஒரு பொழுதுபோக்குக் கலையாக வளர்ந்துள்ளது. கதையாசிரியர்கள் பொருள் கொடுத்துத் தம் நூலுக்கு இத்தகைய படத்தை வரைவித்துக்கொள்வதும் உண்டு.

பிள்ளை விளையாட்டு என்று இதனை ஒதுக்கிவிடலாமோ எனின், ஒதுக்குதல் ஆகாது. காரணம் இரண்டு. புகழ்பெற்ற கதைகள் சில இவ்விளையாட்டிலிருந்தே பிறந்தன என்பது ஒன்று. பொய்யான படத்தைத் தன் கையால் வரைந்து பார்த்தவனுக்கு, மெய்யான படத்தை எவ்வளவு நம்பலாம் என்பதும் விளங்கும் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் முறையே காண்போம்.

மோரும் ஸ்விப்டும்

கற்பனை நாட்டுப் படங்களுள் பழமையானதும் பலர் அறிந்ததும் ஆங்கில அறிஞர் தாமஸ் மோர் எழுதிய ‘யுடோப்பியா’வில் உள்ளது. 1516-இல் லுவேன் நகரில் அந்நூல் முதன்முதலாக அச்சேறியபோதே, மரத்தில் செதுக்கி அச்சிட்ட தீவின் படம் ஒன்று அதில் இடம்பெற்றது. 1518-இல் பேசல் நகரில் வெளிவந்த பதிப்புக்கு அம்புரோசியஸ் ஹோல்பைன் வேறொரு படம் வரைந்தார். ‘யுடோப்பியா’ என்னும் சொல்லைக் கிரேக்க வேர்களைக் கொண்டு மோரே அமைத்தார். அதற்கு ‘இல்லாத இடம்’ என்பது பொருள். பெயரிலேயே இல்லை என்று சொல்லிவிட்டு, அடுத்த பக்கத்தில் அதற்குப் படமும் காட்டியது அவருடைய நகைச்சுவை.

இரண்டு நூற்றாண்டு கழித்து ஜொனாதன் ஸ்விப்ட் இன்னும் துணிந்தார். 1726-இல் வெளிவந்த ‘கல்லிவரின் பயணங்கள்’ நூலில் உள்ள படங்கள், அக்காலத்துப் புகழ்பெற்ற நிலப்பட வல்லுநர் ஹெர்மன் மோல் வரைந்த உலகப் படத்தைத் தழுவியவை என்பது ஆய்வாளர் கருத்து. ஆறு அங்குலமே உயரமுள்ள மனிதர் வாழும் லில்லிபுட் தீவு எங்கே இருக்கிறது என்று அப்படத்தில் பார்த்தால், மலாய் நாட்டுத் தமிழர்க்கு வியப்பு ஏற்படும். அது சுமத்ராவுக்குத் தென்மேற்கே இருக்கிறது! சுமத்ராவும் சுந்தா நீரிணையும் மெய். அவற்றின் அருகே லில்லிபுட் பொய். மெய்யின் பக்கத்தில் பொய்யை அமர்த்தினால் பொய்க்கும் மதிப்பு வந்துவிடும் என்பதை ஸ்விப்ட் நன்கறிந்திருந்தார். அக்காலப் பயணக் கதைகளை மக்கள் எளிதில் நம்பியதை எள்ளுவதற்கே அவர் இவ்வாறு செய்தார்.

படம் முந்தியது, கதை பிந்தியது

கதைக்குப் படம் வரைவது இயல்பு. படத்திலிருந்து கதை பிறப்பது அரிது. அவ்வாறு பிறந்த கதைதான் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் ‘புதையல் தீவு’. 1881-ஆம் ஆண்டுக் கோடையில் அவர் ஸ்காட்லாந்தின் பிரேமார் என்னும் ஊரில் தங்கியிருந்தார். மழை ஓயாத நாட்கள். அவருடைய மனைவியின் மகனான லாயிட் ஆஸ்போர்ன் என்னும் சிறுவன் வீட்டுக்குள் அடைபட்டு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தான். அவனோடு சேர்ந்து ஸ்டீவன்சனும் ஒரு தீவின் படத்தை வரைந்து வண்ணமிட்டார். அதன் துறைமுகங்களையும் குன்றுகளையும் காடுகளையும் பார்த்துக்கொண்டிருக்கையில், கதையின் மாந்தர் அக்காடுகளினூடே எட்டிப் பார்ப்பது போல் அவருக்குத் தோன்றியதாம். உடனே இயல்களின் பெயரைப் பட்டியலிட்டு எழுதத் தொடங்கிவிட்டார். அவ்வாண்டு அக்டோபரிலிருந்து சிறுவர் இதழ் ஒன்றில் தொடராக வந்த கதை, 1883-இல் நூலாயிற்று.

இதன் பின்நிகழ்ச்சி சுவையானது. கையெழுத்துப் படியோடு பதிப்பகத்துக்கு அனுப்பிய மூலப்படம் போய்ச் சேரவில்லை. ஆகவே, ஸ்டீவன்சன் தம் நூலையே முழுதும் படித்து, எந்த இடம் எத்திசையில், எவ்வளவு தொலைவில் என்று குறிப்பெடுத்து, கவராயத்தைக் கையில் பிடித்து, கதைக்கு ஏற்பப் படத்தை மறுபடியும் அமைக்க நேர்ந்தது. முதலில் படத்திலிருந்து கதை வந்தது. பின்னர்க் கதையிலிருந்து படம் வந்தது. கலங்கரை விளக்கப் பொறியாளரான தந்தையாரின் அலுவலகத்தில் அது வரையப்பட்டது. கப்பல்களும் திமிங்கிலங்களும் சேர்ந்து அழகாகவே அமைந்த அந்த இரண்டாம் படம் தமக்குப் புதையல் தீவாகத் தோன்றியதே இல்லை என்று 1894-இல் வெளியான கட்டுரையில் அவர் எழுதினார்.

பிராண்டி உடன்பிறப்புகளின் வரலாறும் இத்தகையதே. 1826-இல் தந்தையார் மகன் பிரான்வெல்லுக்கு மரப் போர்வீரர் பொம்மைகளை வாங்கி வந்தார். குழந்தைகள் நால்வரும் ஆளுக்கொரு வீரனை எடுத்துக்கொண்டு, ஆப்பிரிக்கக் கரையில் ஒரு கற்பனை அரசை நிறுவினர். அதற்கு வரலாறு எழுதினர். பிரான்வெல் நிலப்படம் வரைந்தான். அப்படம் பிரிட்டிஷ் நூலகத்தில் இன்றும் உள்ளது. அவ்விளையாட்டில் எழுதிப் பழகிய சார்லட்டும் எமிலியும் 1847-இல் ‘ஜேன் அயர்’, ‘வதரிங் ஹைட்ஸ்’ என்னும் நாவல்களை உலகுக்கு அளித்தனர்.

இக்கலைக்கு இருபதாம் நூற்றாண்டில் பெருவாழ்வு தந்தவர் ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் டோல்கீன். 1937-இல் வெளியான ‘ஹாபிட்’ நூலுக்குத் தாமே படம் வரைந்தார். 1954, 1955-ஆம் ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வந்த ‘மோதிரங்களின் தலைவன்’ நூலுக்கு, அவருடைய வரைவுகளைக் கொண்டு மகன் கிறிஸ்டபர் படம் அமைத்தார். முதலில் படத்தை வைத்துக்கொண்டு அதற்குக் கதையைப் பொருத்தியதே அறிவுடைமை என்று டோல்கீன் ஒரு கடிதத்தில் குறித்துள்ளார். கதை வளர வளரப் படத்தில் தாள்களை ஒட்டி ஒட்டி விரித்தார். யார் எந்நாளில் எங்கிருந்தார், அன்று நிலவு எப்பிறை என்பதையும் கணக்கிட்டார். ஓவியர் பாலின் பெய்ன்ஸ் 1970-இல் அந்நாட்டின் சுவர்ப்படம் வரைந்தபோது, டோல்கீன் தம் கையால் குறிப்பெழுதித் தந்த படியொன்றை ஆக்ஸ்போர்டின் பாட்லியன் நூலகம் 2016-இல் வாங்கியது. கதைத் தலைவரின் சிற்றூர் ஆக்ஸ்போர்டின் அட்சரேகையை ஒட்டியது என்னும் குறிப்பும் அதில் உண்டு.

அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின், 1968-இல் வெளிவந்த தம் தீவுக்கூட்டக் கதையைத் தொடங்குமுன் படத்தையே முதலில் வரைந்தார். இதற்கு மாறானது மால்குடி. சென்னையில் பிறந்து ஆங்கிலத்தில் எழுதிய ஆர். கே. நாராயண், 1935 முதல் தம் கதைகளில் அவ்வூரைக் கட்டியெழுப்பினார். பல்லாண்டு சென்ற பின் அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் பென்னலி, கதைகளில் சிதறிக் கிடந்த தெருக்களையும் சரயு ஆற்றையும் ஒன்று திரட்டி மால்குடிக்குப் படம் வரைந்தார்.

நீர் வழியே நிலம்

மனம்போனபடி வரைவதற்குத்தானே கற்பனை, அதற்கு விதி எதற்கு என்று கேட்கலாம். விதி தவறிய படம் பார்த்த மாத்திரத்தில் பொய் என்று தெரிந்துவிடும். தவறுகளுள் மிகுதியானது ஆறுகளைப் பற்றியது. ஆறு மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும். வழியில் பிற ஆறுகளோடு கூடும்; கூடிப் பெருகிக் கடலைச் சேரும். பொதுவாக ஆறுகள் சேருமே தவிரப் பிரிவதில்லை. ஏரிக்குள் பல ஆறுகள் வந்து விழலாம். வெளியேறுவது பெரும்பாலும் ஒன்றே. ஒரு கடலிலிருந்து மறு கடலுக்குக் குறுக்காக ஓடும் ஆற்றைப் புதிதாக வரைவோர் பலர் இட்டுவிடுவர். அது ஆறு அன்று, கடற்கால்.

இவ்விதிக்கு விலக்கு உண்டு. நிலம் சமமாகி வண்டல் படியும் கடைமடையில் ஆறு பல கிளையாகப் பிரியும். திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. இடையிலே திருவரங்கம் தீவாக நிற்கிறது. அதற்குக் கீழே தஞ்சைச் சமவெளியில் காவிரி மேலும் பல கிளைகளாகிறது. விலக்கும் காரணத்தோடுதான் நிகழ்கிறது.

மலை அடுத்தது. மலைத்தொடர் நீரைப் பங்கிடும். தித்திவாங்சா மலைத்தொடருக்குக் கிழக்கே பகாங் ஆறு தென்சீனக் கடலையும், மேற்கே பேரா ஆறு மலாக்கா நீரிணையையும் சேர்கின்றன. மலை மழையையும் பங்கிடும். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதிக் கேரளத்தை நனைக்கிறது. மலையைத் தாண்டி வரும்போது ஈரம் குறைந்துவிடுகிறது. ஆகவே, காற்று எத்திசையிலிருந்து வருகிறது என்று தீர்மானித்த பின்பே காட்டையும் பாலையையும் இடவேண்டும்.

ஊர்களும் காரணமின்றித் தோன்றா. ஆறு கூடுமிடம், கடல் சேருமிடம், கடக்கும் துறை, கணவாயின் வாயில் ஆகியவை ஊர் பிறக்கும் இடங்கள். மலாய் மொழியில் ‘கோலா’ என்பது ஆறு கூடும் அல்லது கடல் சேரும் இடத்தைக் குறிக்கும். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் சேற்றுத் துறையே கோலாலம்பூர் ஆயிற்று.

தமிழாசிரியர்களுக்கு இவ்விடத்தில் வேறொன்று நினைவுக்கு வரும். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்னும் வரிசையே ஓர் ஆற்றின் போக்கு. மலையில் பிறந்து, காட்டைக் கடந்து, வயலில் பாய்ந்து, கடலில் கலக்கும் நீரின் வழியே நானிலமும் அமைகின்றன. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்து, அந்நிலத்தின் உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் ஆகியவற்றைக் கருப்பொருளாக வகுத்தது தொல்காப்பியம். கற்பனை நாடு வகுப்போனுக்கு இதனினும் சிறந்த வழிகாட்டி வேண்டுவதில்லை. நெல் விளையாத மலையில் நெற்களஞ்சியத்தை வைத்தால், அதனை அங்கே கொண்டு சேர்க்க ஒரு சாலையும் வரைந்தாக வேண்டும் அல்லவா?

வரையும் முறை

வேண்டுவன ஒரு தாளும் பென்சிலும் அழிப்பானும் மைப்பேனாவுமே. கரைக்கோடு நேராகவோ வழுவழுப்பாகவோ அமைந்தால் செயற்கையாகத் தோன்றும். இதற்கு எளிய உபாயம் ஒன்றுண்டு. ஒரு கைப்பிடி அரிசியைத் தாளின் மீது கொட்டி, அது பரவிய விளிம்பைப் பென்சிலால் சுற்றி வரைந்தால், மனம் எண்ணிப் பாராத குடாக்களும் முனைகளும் கிடைக்கும். சிதறிய மணிகள் சிறு தீவுகளாகும். பின்னர் மலை, மலையிலிருந்து ஆறு, ஆற்றோரம் காடும் வயலும், அவற்றின் பின் ஊர், ஊர்களை இணைக்கும் சாலை, ஈற்றில் அரசின் எல்லை என்பதே முறை. எல்லையை முதலில் வரைவோர் பலர். அது கூரையிலிருந்து வீடு கட்டுவது போன்றது.

பெயரிடும்போது ஒரு நாட்டின் பெயர்கள் ஒரு மொழியின் ஓசையில் அமைதல் வேண்டும். ஆற்றின் பெயர் ஆற்றின் வளைவை ஒட்டியும், மலையின் பெயர் தொடரின் நீளத்துக்குப் பரந்தும், ஊரின் பெயர் புள்ளிக்கு அருகே கிடையாகவும் நிற்க வேண்டும். தமிழ்ப் பெயர்கள் நீண்டவை. ஆதலால், இடத்தை முன்னரே ஒதுக்கிவிட்டு மற்றவற்றை வரைவது நன்று. பழமை தோன்ற வேண்டுமாயின், மை ஊட்டுமுன் தாளைத் தேயிலைச் சாற்றில் நனைத்து உலர்த்துவர்.

அளவுகோல் இன்றியமையாதது. ஓர் அங்குலம் 50 மைல் என்று கொண்டால், படத்தில் 6 அங்குலத் தொலைவில் உள்ள எல்லைக் கோட்டை 300 மைலுக்கு அப்பால் இருக்கிறது. நடந்து செல்வோன் நாளொன்றுக்கு 20 மைல் கடப்பான் என்றால் 15 நாள் ஆகும். கதையில் காலாள் ஓலை இரண்டே நாளில் போய்ச் சேர்ந்தால், கதையும் பொய், படமும் பொய்.

இப்பொழுதுபோக்கு பரவியதற்கு ஒரு விளையாட்டும் காரணம். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டில், ஆட்டத்தை நடத்துவோர் தமக்கென நாடு வகுத்துப் படம் வரைந்துகொள்வர். வழிநடைத் தொலைவை எண்ணுவதற்கு அறுகோணக் கட்டமிட்ட தாள் பயன்பட்டது. இந்நாளில் இதற்கெனவே கணினிச் செயலிகள் வந்துவிட்டன. மலையையும் மரத்தையும் முத்திரை போல் எடுத்துப் பதிக்கலாம். கரைக்கோட்டைக் கணிதத்தால் தானே நெளியச் செய்யலாம். ஆனால், எந்த ஆறு எவ்வழி ஓட வேண்டும் என்னும் காரணத்தை வரைவோனே அறிந்திருக்க வேண்டும்.

பிறரைக் கொண்டு வரைவித்தல்

ஓவியத்தில் கை பழகாதவர் தொழில்முறை ஓவியரை நாடுவர். 2012-இல் வெளிவந்த ஜார்ஜ் மார்ட்டின் கதைகளின் படத்தொகுதிக்கு 12 நிலப்படங்களை ஜொனாதன் ராபர்ட்ஸ் வரைந்தார். புவியியல் பயின்ற கரென் பான்ஸ்டட் என்னும் அம்மையார் டோல்கீனின் உலகுக்கு 1981-இல் ஒரு முழு அட்லசே வெளியிட்டார்.

வரைவிப்போர் கருத வேண்டியவை சில. ஓவியரிடம் கதை முழுவதையும் கொடுத்து, இதற்குப் படம் தருக என்பது போதாது. பென்சிலில் ஒரு முரட்டு வரைவும், ஊர்ப்பெயர்களின் திருத்தமான பட்டியலும், இடையிலுள்ள தொலைவுகளும் கொடுக்க வேண்டும். அச்சிடும் நூலின் பக்க அளவையும், படம் ஒரே மையிலா பல வண்ணத்திலா என்பதையும் முன்னரே சொல்ல வேண்டும். சுவருக்கென வரைந்த படத்தை நூலின் பக்கத்துக்குச் சுருக்கினால் எழுத்துகள் மறைந்துபோகும். படம் யாருடைய உடைமை, மறுபதிப்புக்கும் பயன்படுத்தலாமா, எத்தனை முறை திருத்திக் கேட்கலாம் என்பனவற்றை எழுத்தில் பெறுதல் இருவர்க்கும் நலம். தமிழ்ப் பெயர் இடுவதாயின், ஓவியர் தமிழ் அறியாதவராயிருக்கலாம். கொம்பும் புள்ளியும் இடம் மாறாமல் தமிழறிந்தார் ஒருவர் பிழை பார்த்தல் கட்டாயம்.

கோடு ‘ஒருவேளை’ என்று சொல்லாது

இனி இரண்டாவது காரணத்துக்கு வருவோம். எழுதுவோன் ‘என்பர்’, ‘எனலாம்’, ‘போலும்’ என்று ஐயத்தைச் சொற்களால் குறிக்கலாம். கோட்டுக்கு அவ்வசதி இல்லை. அறிந்த மலைக்கும் ஊகித்த மலைக்கும் ஒரே மைதான்.

வங்காளத்தில் நில அளவைத் தலைவராக இருந்தவர் ஜேம்ஸ் ரென்னல். அக்காலத்துச் சிறந்த நிலநூலறிஞர். மங்கோ பார்க் என்பவர் மேற்கு ஆப்பிரிக்காவில் சென்று வந்து, தொலைவில் மலைகளைக் கண்டதாகக் கூறினார். நைஜர் ஆறு கிழக்கு நோக்கி ஓடுகிறது என்றும் சொன்னார். ஆறு தெற்கே கடலுக்குத் திரும்பாததற்கு மலை தடுப்பதே காரணமாகலாம் என்று கருதிய ரென்னல், 1798-இல் நீண்டதொரு மலைத்தொடரை வரைந்தார். அதுவே கோங் மலைகள். பின்வந்தோர் அதனைப் பார்த்து எழுதினர். அவர்களைப் பார்த்துப் பிறர் எழுதினர். நேரில் சென்ற பிரெஞ்சுக்காரர் பிங்கே 1889-இல் அங்கே அப்படியொரு மலைத்தொடரே இல்லை என்று அறிவித்தார். நைஜரோ தெற்கே திரும்பிக் கடலில்தான் கலக்கிறது! தொண்ணூறு ஆண்டுகள் ஒரு கற்பனை மலை மெய்ப்படங்களில் நின்றது. பழங்கதை என்று சிரிக்க வேண்டா. நியூ கலிடோனியாவுக்கு மேற்கே படங்களில் இடம்பெற்ற ‘சாண்டி தீவு’ என்பது வெறுங்கடலே என்று, ஆஸ்திரேலிய ஆய்வுக் கப்பல் ஒன்று 2012-இல்தான் நேரில் சென்று கண்டது.

தமிழர்க்கும் இதில் பங்குண்டு. பஃறுளி ஆற்றுக்கும் குமரி ஆற்றுக்கும் இடையே 700 காவதப் பரப்பில் இருந்த 49 நாடுகளைக் கடல் கொண்டது என்று சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்கு நல்லார் குறித்துள்ளார். 1864-இல் ஸ்கிளேட்டர் என்னும் விலங்கியலறிஞர், மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் காணப்படும் உயிரினங்களின் ஒற்றுமையை விளக்க ‘லெமூரியா’ என்னும் நிலப்பரப்பு ஒன்று இருந்திருக்கலாம் என ஊகித்தார். இருபதாம் நூற்றாண்டில் இவ்விரண்டையும் இணைத்து, இந்தியப் பெருங்கடலில் ஒரு கண்டத்தையே நிறுத்தி, ஆறும் மலையும் நாட்டுப் பெயர்களும் இட்ட படங்கள் தமிழ் நூல்களில் வெளிவந்தன.

இன்றைய அறிவியல் இதுபற்றிக் கூறுவது யாது? 1960-களில் நிலைபெற்ற கண்டத்தட்டுக் கொள்கை, கண்டங்கள் பிரிந்து நகர்ந்தன என்று காட்டியதால் ஸ்கிளேட்டரின் ஊகம் தேவையற்றதாயிற்று. இந்தியப் பெருங்கடலை நிரப்பிய தமிழ்க் கண்டம் ஒன்று மூழ்கியதற்குக் கடலடியில் சான்று இல்லை. ஆயினும், கடல் நிலத்தைக் கொண்டது என்பது வெறுங்கதை அன்று. ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியூழிக் காலத்தில் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. அன்று இந்தியாவும் இலங்கையும் நிலத்தால் இணைந்திருந்தன. மலாய்த் தீபகற்பம், சுமத்ரா, ஜாவா, போர்னியோ யாவும் ஒரே நிலமாக இருந்தன. பனி உருகக் கடல் ஏறியது. உரையாசிரியர் குறித்த செய்தி இலக்கியச் சான்று. கடல் ஏறியது நிலநூற் சான்று. இவற்றுக்கிடையே வரையப்பட்ட ஆறும் மலையும் ஓவியரின் கற்பனை. மூன்றும் ஒரே படத்தில் ஒரே மையில் நிற்கும்போது, மாணவன் மூன்றையும் ஒன்றெனவே கொள்கிறான். பின்னாளில் ஒன்று பொய்யெனக் கண்டால், மற்ற இரண்டையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறான். தமிழின் தொன்மைக்கு இதனால் வரும் இழப்பு சிறிதன்று.

வகுப்பறையில்

ஆகவே, இவ்விளையாட்டைப் பள்ளிக்குக் கொண்டுவருதல் பயனுடையது. முதற் பாடவேளையில் மாணவர் ஆளுக்கொரு தீவு வரையட்டும். அடுத்த வேளையில் அதன் நானிலமும் கருப்பொருளும் குறித்துத் தமிழ்ப் பெயர் சூட்டட்டும். மூன்றாம் வேளையில் ஒருவர் படத்தை மற்றொருவர் வாங்கி, அதில் ஒரு நாள் வழிநடையைக் கட்டுரையாக எழுதட்டும். இடமும் திசையும் தொலைவும் குறிக்கும் சொற்கள் தாமே பழகும். எழுதச் செய்தி இல்லை என்னும் குறையும் நீங்கும்.

இறுதியாக ஒரு பழக்கத்தையும் ஆசிரியர்கள் கற்பிக்கலாம். தீவில் யாரும் சென்று பார்த்ததாகக் கதையில் சொல்லப்பட்ட பகுதியை முழுக்கோட்டாலும், ஊகித்த பகுதியைப் புள்ளிக்கோட்டாலும் வரையச் செய்ய வேண்டும். படத்தின் அடியில் ‘கற்பனை’ என்னும் சொல்லும் வரைந்தவர் பெயரும் ஆண்டும் தவறாமல் இருத்தல் வேண்டும். அவ்வாறு பழகிய மாணவன், நாளை ஏதேனும் ஒரு நூலில் ஒரு நிலப்படத்தைக் காணும்போது, இதில் எது முழுக்கோடு, எது புள்ளிக்கோடு என்று தானே கேட்பான்.